டெஸ்ட் மெசேஜ் கேட்டைத் தாண்டக் கூடாது: இன்டெக்ரேஷன் மென்பொருளுக்கு டெவ், டெஸ்ட், லைவ் சூழல்கள் அமைக்கும் முறை

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கேட்டில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஒரு லாரி வந்து நின்றது. 9 டன் ஏற்ற வந்திருக்கிறேன் என்கிறார் டிரைவர், அவர் போனில் லோடு நம்பர் இருக்கிறது, ஆனால் கேட்டில் இருந்த பட்டியலில் அப்படி ஒரு லோடே இல்லை. அந்தக் கம்பெனிக்கு அப்போது இன்டெக்ரேஷன் வேலை, அதாவது வேறுவேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலை, பார்த்துக்கொண்டிருந்தவன் நான். முந்தின நாள் சாயங்காலம் டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்த்த ஆர்டர்தான் அது. லைவ் சர்வரை அப்படியே காப்பி எடுத்து டெஸ்ட் சர்வர் ஆக்கியிருந்தோம், டேட்டாபேஸ் முகவரியை மாற்றினோம், ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், கணக்கு பார்க்கும் மென்பொருள்) முகவரியை மாற்றினோம், லாரி புக்கிங் முகவரி மட்டும் பழையபடியே இருந்துவிட்டது. டிரைவர் சேலத்திலிருந்து ராத்திரியெல்லாம் ஓட்டி வந்திருந்தார். வாடகையைக் கொடுத்து, டிபன் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

சாதாரண மென்பொருளில் டெஸ்டில் தப்பு நடந்தால் அந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். இன்டெக்ரேஷனில் அப்படி இல்லை, அதன் வேலையே வெளியே பேசுவதுதான்: ஈஆர்பியில் இருந்து ஆர்டரை எடுப்பது, எடைமேடையில் இருந்து எடையை வாங்குவது, ஜிஎஸ்டியின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்கு இன்வாய்ஸை அனுப்பி ஐஆர்என் என்ற பதிவு எண்ணைப் பெறுவது, வங்கிக்குப் பேமென்ட் ஃபைலைப் போடுவது, டிரான்ஸ்போர்ட்காரருக்கு லோடு சொல்வது. அதனால் டெவ் (எழுதும் இடம்), டெஸ்ட் (சோதிக்கும் இடம்), லைவ் (நிஜ வேலை நடக்கும் இடம்) என்று மூன்று சூழல் அமைக்கும்போது எத்தனை சர்வர், எவ்வளவு ரேம் என்பதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, இந்தச் சூழலில் இருந்து யார் யாரைத் தொட முடியும் என்பதுதான்.

நான் சொல்லப்போவது அப்பாச்சி கேமல் (மெசேஜை எடுத்து, மாற்றி, அனுப்புவது), ரேபிட்எம்க்யூ (மெசேஜை க்யூவில், அதாவது வரிசையில், நிறுத்தி வைப்பது), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) மூன்றையும் வைத்து. மியூல்சாஃப்ட்டோ டபிள்யூஎஸ்ஓ2வோ பிஸ்டாக்கோ வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான், பட்டன்கள்தான் வேறு.

முதலில் கடிதங்கள், பிறகு சர்வர்

எல்லோரும் சர்வரில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் வெளியாட்களிடமிருந்து ஆரம்பியுங்கள். ஒரு தாளை எடுத்து உங்கள் மென்பொருள் பேசும் ஒவ்வொரு வெளி அமைப்பையும் எழுதி, அவர்களிடம் சோதனைக்கென்று தனி முகவரி இருக்கிறதா, அதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எந்த ஐபியில் இருந்து வந்தால் ஏற்பார்கள் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இ-இன்வாய்ஸுக்கு சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைத் தளம் இருக்கிறது. வங்கிகள் பெரும்பாலும் யுஏடி என்ற சோதனை முகவரி தருவார்கள், ஆனால் உங்கள் நிலையான ஐபியைக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான், அதற்கும் வாரக்கணக்கில் ஆகலாம். வீட்டு பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அங்கிருந்து முயற்சி செய்து பயனில்லை, டெஸ்டுக்கு ஒன்று லைவுக்கு ஒன்று என்று இரண்டு நிலையான ஐபி வாங்கி, இரண்டையும் ஒரே கடிதத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். இந்தக் கடிதம் இன்று போனால்தான் நீங்கள் டெவ் வேலையை முடிக்கும்போது டெஸ்டுக்குக் கதவு திறந்திருக்கும்.

சோதனை முகவரியே இல்லாதவர்களும் இருப்பார்கள், சின்ன டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள் பெரும்பாலும் அப்படித்தான். அவர்களுக்கு நீங்களே ஒரு போலி ஆளை நிறுத்த வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன்.

டெவ்: லேப்டாப்புக்குள் ஒரு குட்டி உலகம்

கேமல் 4க்கு ஜாவா 17 அல்லது அதற்கு மேல் வேண்டும். லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி, 8 ஜிபியில் பிரவுசரை மூடிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ்) போட்டு அதன்மேல் டாக்கர், அதாவது ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனி பெட்டியில், கன்டெய்னரில், ஓட்டும் கருவி.

எந்தெந்தப் பெட்டி ஓட வேண்டும் என்று சொல்லும் டாக்கர் கம்போஸ் ஃபைல் ஒன்று எழுதுங்கள், அதில் ரேபிட்எம்க்யூ, போஸ்ட்கிரெஸ், வங்கியின் இடத்தில் ஃபைல் போட்டு வாங்கும் ஒரு எஸ்எஃப்டிபி சர்வர், ஜிஎஸ்டி போர்ட்டல், டிரான்ஸ்போர்ட்காரர் இடத்தில் நாம் எழுதி வைத்த பதிலைத் தரும் போலி ஆள் வயர்மாக், மெயில் சர்வருக்குப் பதிலாக மெயில்பிட் எல்லாம் இருக்கட்டும். மெயில்பிட் 1025ஆம் போர்ட்டில் மெயிலை வாங்கிக்கொள்ளும், யாருக்கும் அனுப்பாது, 8025இல் பிரவுசரைத் திறந்தால் என்ன மெயில் போயிருக்கும் என்று காட்டும். ரேபிட்எம்க்யூவுக்கு 5672, அதன் நிர்வாகப் பக்கம் 15672. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளை மென்பொருளின் கோடு (code) முழுவதையும் இறக்கி ஒரே கட்டளை கொடுத்தால் இவ்வளவும் எழுந்து நிற்க வேண்டும், முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு மெசேஜையாவது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் கம்போஸ் ஃபைலில் இருக்க வேண்டிய ஏதோ யாருடைய தலைக்குள்ளோ இருக்கிறது, அதை வெளியே எடுத்து எழுதுங்கள்.

இமேஜ் (கன்டெய்னர் ஓடுவதற்கான மென்பொருள் பொட்டலம்) பெயருக்குப் பின்னால் லேட்டஸ்ட் என்று போடாதீர்கள். எண்ணைப் போடுங்கள், லைவில் எந்த எண்ணோ அதே எண். இல்லாவிட்டால் உங்கள் லேப்டாப்பில் ஒரு ரேபிட்எம்க்யூ, பக்கத்து மேஜையில் வேறொரு ரேபிட்எம்க்யூ என்றாகி, ஒருவருக்கு வரும் பிழை இன்னொருவருக்கு வராமல் அரை நாள் போகும்.

வயர்மாக்கில் நல்ல பதிலை மட்டும் எழுதி வைப்பது போதாது. முக்கியமாக வேண்டியவை கெட்ட பதில்கள்: 40 செகண்ட் கழித்து வரும் பதில், பாதியில் அறுந்துபோகும் இணைப்பு, 200, அதாவது எல்லாம் சரி, என்று சொல்லிவிட்டு உள்ளே பிழையை வைத்திருக்கும் பதில். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் ஏமாற்றும். லைவில் வந்த ஒவ்வொரு விசித்திரமான பதிலையும் பெயர், எண் எல்லாம் மாற்றி வயர்மாக்கில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், இரண்டு வருடத்தில் அதற்கு இணையான சொத்து உங்கள் டீமிடம் வேறு இருக்காது.

ஒரே இமேஜ், மூன்று கான்ஃபிக் (அமைப்பு விவரம்)

கோடில் எந்த முகவரியும் இருக்கக் கூடாது. கேமலில் இரட்டை நெளி அடைப்புக்குறிக்குள் பெயரை எழுதி, அதன் மதிப்பை வெளியே இருந்து கொடுக்கலாம், பிஸ்டாக்கில் இதே வேலையை பைண்டிங் ஃபைல் செய்கிறது. ஒருமுறை பில்ட் செய்த இமேஜ்தான் டெஸ்டுக்கும் போக வேண்டும், லைவுக்கும் போக வேண்டும். டெஸ்டுக்குத் தனி பில்ட், லைவுக்குத் தனி பில்ட் என்று செய்தால் நீங்கள் சோதித்தது ஒன்று, ஓட்டுவது வேறொன்று.

பாஸ்வேர்டுகளை, கோடைச் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) வைக்காதீர்கள். சின்ன டீம் என்றால் சர்வரில் அந்த மென்பொருளின் பயனருக்கு மட்டும் படிக்க உரிமையுள்ள ஒரு ஃபைல் போதும், கொஞ்சம் பெரிய டீம் என்றால் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் வால்ட் போன்ற ஒன்று. லைவ் பாஸ்வேர்டு டெவலப்பர் யாரிடமும் இருக்கத் தேவையில்லை.

இப்போது அந்த லாரிக்கு வருகிறேன். அதற்குப் பிறகு நான் அமைக்கும் எல்லாவற்றிலும் இரண்டு பூட்டு போடுகிறேன். முதல் பூட்டு மென்பொருளுக்குள்: ஸ்டார்ட் ஆகும்போது தான் எந்தச் சூழலில் இருக்கிறோம் என்று படித்து, கான்ஃபிக்கில் உள்ள எல்லா வெளி முகவரிகளையும் அந்தச் சூழலுக்கு அனுமதித்த பட்டியலோடு ஒப்பிடும், பட்டியலில் இல்லாதது ஒன்று இருந்தாலும் ஸ்டார்ட் ஆகாமல் எந்த முகவரி என்று லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். எழுதுவதற்கு முப்பது வரிதான் ஆகும். இரண்டாவது பூட்டு ஃபயர்வாலில்: டெஸ்ட் சர்வரில் இருந்து வெளியே போகும் எல்லாவற்றையும் மூடிவிட்டு, சாண்ட்பாக்ஸ், வங்கி யுஏடி போன்றவற்றுக்கு மட்டும் ஒவ்வொன்றாகத் திறங்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்து ஆபத்தானதை மட்டும் மூடுவது உதவாது, ஏனென்றால் நாளைக்குச் சேரப்போகும் முகவரி எது என்று இன்றைக்குத் தெரியாது. முதல் பூட்டை யாராவது அவசரத்தில் கழற்றினாலும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும்.

டெஸ்ட் டேட்டா: நம்ம ஊரே போதும்

நல்ல டெஸ்ட் டேட்டாவுக்கு நீங்கள் எங்கும் தேட வேண்டாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் சுமார் 25 கிலோமீட்டர்தான், முள்ளோடையைத் தாண்டினால் வரி மாறிவிடுகிறது. கடலூர் கம்பெனியின் ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்கும், புதுச்சேரிக்கு 34. புதுச்சேரியில் இருந்து கடலூருக்கு விற்றால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி. அதே புதுச்சேரிக் கம்பெனி கேரளக் கரையில் இருக்கிற மாஹேவுக்கு அனுப்பினால், சரக்கு இரண்டு மாநிலத்தைக் கடந்து போனாலும் அங்கேயும் 34தான், ஆகவே உள்ளூர் விற்பனைக்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். காரைக்கால், ஏனாமுக்கும் அப்படியே. இந்த நாலு ஊரையும் வாங்குபவர் முகவரியாக வைத்து ஒரு செட் இன்வாய்ஸ் தயார் செய்யுங்கள், தூரத்தை வைத்தோ ஊர்ப் பெயரை வைத்தோ வரி கணக்கிடும் கோடு ஏதாவது ஒளிந்திருந்தால் அன்றைக்கே பிடிபடும்.

பின்கோடையும் பாருங்கள். 605இல் தொடங்கினால் புதுச்சேரி என்று யாராவது ஒரு விதி எழுதியிருப்பார்கள். புதுச்சேரி 605001 சரி, ஆனால் விழுப்புரம் 605602, ஆரோவில் 605101, இரண்டும் தமிழ்நாடு. காரைக்காலின் 609602க்கும் மயிலாடுதுறையின் 609001க்கும் முதல் மூன்று எண் ஒன்றுதான். சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கும் இதேபோல ஒரு சோடி வையுங்கள்: 60,000 ரூபாய் சரக்கு கடலூரில் இருந்து பண்ருட்டிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் வரை விலக்கு உண்டு, மாநிலம் தாண்டினால் 50,000தான் எல்லை, ஆக முதலாவதற்குப் பில் வேண்டாம், இரண்டாவதற்கு வேண்டும்.

லைவ் டேட்டாவை அப்படியே டெஸ்டுக்கு இறக்குவதை விட்டுவிடுங்கள், வாடிக்கையாளர் போன் நம்பரும் வங்கிக் கணக்கும் அதில் இருக்கிறது. மாற்றி எழுதித்தான் இறக்க வேண்டும், அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்தில் கடைசி எழுத்து, முன்னால் உள்ள 14ஐ வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு எழுத்து. நடுவில் உள்ள பேன் பகுதியைக் கண்டபடி மாற்றினால் சரிபார்ப்பிலேயே எல்லா இன்வாய்ஸும் விழுந்துவிடும். மாநில எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவை மாற்றி, கடைசி எழுத்தை மறுபடி கணக்கிட்டுப் போடுங்கள்.

அப்புறம் தமிழ். ‘கடலூர்’ என்ற சொல் யூனிகோடில் 6 குறியீடு, யூடிஎஃப்-8இல் 18 பைட். ‘புதுச்சேரி’ 30 பைட். அந்தப் பக்கத்து டேட்டாபேஸில் முகவரிக்கு 100 பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் தெருப் பெயரோடு சேர்த்துத் தமிழில் எழுதிய முகவரி பாதி எழுத்தில் வெட்டுப்படும், வெட்டுப்பட்ட பைட்டை அடுத்த அமைப்பு படிக்க முடியாமல் முழு மெசேஜையும் திருப்பி அனுப்பும். பெயரும் முகவரியும் தமிழில் உள்ள பத்து வாடிக்கையாளராவது உங்கள் டெஸ்ட் டேட்டாவில் இருக்கட்டும், நம் ஊர் வாடிக்கையாளர்களின் பெயர் அவர்கள் எழுதுகிறபடியே போய்ச் சேர வேண்டும்.

நேரம் இன்னொன்று. கன்டெய்னர்கள் வழக்கமாக யூடிசியில், அதாவது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலக நேரத்தில், ஓடும். ஏப்ரல் 1ஆம் தேதி ராத்திரி இரண்டு மணிக்கு நைட் ஷிஃப்டில் லோடு ஏற்றி இன்வாய்ஸ் போட்டால், யூடிசியில் அது மார்ச் 31, ராத்திரி எட்டரை. தேதி ஒருநாள் தள்ளுவதோடு நிற்காது, நிதியாண்டே மாறிவிடும். ஐஆர்என் என்பது விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் நான்கையும் சேர்த்து கணக்கிட்டு உருவாக்கும் 64 எழுத்துக் குறியீடு (ஹாஷ்), நிதியாண்டு தப்பானால் ஐஆர்என்னும் வேறு. ராத்திரி 12 மணிக்கும் காலை 5.30க்கும் நடுவே விழும் இன்வாய்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பவரைப் பிடுங்கிப் பாருங்கள்

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தபோது பல ஊர்களில் பல நாள் கரன்ட் இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. இந்தக் கரையில் இருந்துகொண்டு சர்வர் நடுவில் நிற்காது என்று நினைத்து மென்பொருள் எழுத முடியாது. ஆகவே டெஸ்ட் சூழலில் நிஜமாகவே நிறுத்திப் பாருங்கள்: 200 இன்வாய்ஸை வரிசையில் போடுங்கள், எண்பது தொண்ணூறு போனதும் சர்வரின் பவரைத் துண்டியுங்கள், முறையாக ஷட்டவுன் செய்யாதீர்கள். திரும்ப ஆன் செய்த பிறகு அந்தப் பக்கம் சரியாக 200 இருக்க வேண்டும், ஒன்று குறையவும் கூடாது, ஒன்று இரண்டு முறை போயிருக்கவும் கூடாது.

குறைந்தால், க்யூ டியூரபிளாகவும் (நின்று எழுந்தாலும் க்யூ இருக்கும்) மெசேஜ் பெர்சிஸ்டன்டாகவும் (டிஸ்கில் எழுதப்படும்) இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் இருந்து பயனில்லை. வேலை முடிந்த பிறகுதான் க்யூவுக்கு ஒப்புதல் போகிறதா என்றும் பாருங்கள். கூடினால், அதே மெசேஜ் மறுபடி வந்ததை உங்கள் மென்பொருள் அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். ஏற்கனவே வந்த மெசேஜை ஒதுக்க கேமலில் ஐடெம்பொட்டன்ட் கன்சூமர் இருக்கிறது, அதன் நினைவை மெமரியில் வைக்காமல் போஸ்ட்கிரெஸில் வையுங்கள், மெமரியில் வைத்தது பவரோடு போய்விடும். ஜிஎஸ்டி போர்ட்டல் விஷயத்தில் ஒரு உதவி இருக்கிறது: அதே இன்வாய்ஸை மறுபடி அனுப்பினால் 2150 என்ற எண்ணோடு டூப்ளிகேட் என்று பதில் வரும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல், முதல் முறையே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு ஐஆர்என்னைக் கேட்டு வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள்.

இரண்டு நாள் நின்று எழுந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். உள்ளே நுழையத் தந்த டோக்கன் காலாவதியாகியிருக்கும், தேங்கின ஆயிரம் மெசேஜும் ஒரே மூச்சில் பாயும், அந்தப் பக்கம் தாங்காமல் உங்களைத் தடுத்துவிடும். நிமிடத்துக்கு இத்தனைதான் என்று ஒரு கட்டுப்பாடு (throttle) வையுங்கள். தோற்றுப்போய், போக முடியாதவற்றுக்கான டெட் லெட்டர் க்யூவில் ஒதுங்கிய இன்வாய்ஸை யாரும் பார்க்காமல் விடவும் முடியாது, 10 கோடியும் அதற்கு மேலும் டர்ன்ஓவர் உள்ளவர்கள் இன்வாய்ஸ் தேதியில் இருந்து 30 நாளுக்குள் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிய வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அந்த க்யூவில் ஒரு மெசேஜ் விழுந்தாலே யாருக்காவது போனில் தகவல் போகட்டும்.

எஸ்எஃப்டிபியில் ஒரு சோதனை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரிய ஃபைல் ஒன்றை வேண்டுமென்றே மெதுவாக ஏற்றுங்கள். அந்தப் பக்கம் ஏற்றி முடிக்கும் முன்பே உங்கள் மென்பொருள் பாதி ஃபைலை எடுத்துப் படித்துவிட்டால், வங்கி ஸ்டேட்மென்டில் கடைசி நாற்பது வரி காணாமல் போகும், பிழை எதுவும் வராது. ஃபைலின் அளவு மாறாமல் நிற்கும்வரை காத்திருக்கும்படி கேமலில் ரீட் லாக்கை ‘சேஞ்ச்டு’ என்று வைக்கலாம், முடிந்தால் ஏற்றி முடித்ததும் ஒரு குறிப்பு ஃபைலும் போடச் சொல்லுங்கள், அது இன்னும் உறுதி.

லைவுக்குப் போகும் நாள்

முன்பெல்லாம் ராத்திரி வங்கி தூங்கும், நாமும் அப்போது டெப்லாய் செய்யலாம், அதாவது புதிய மென்பொருளை லைவில் ஏற்றலாம். 2019 டிசம்பரில் நெஃப்ட் 24 மணி நேரமும் ஆனதில் இருந்து அந்த இடைவெளி போய்விட்டது, நாமேதான் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசி, முதல் இரண்டு நாள், மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாளான 11, 3பிக்கான 20 இவற்றை விட்டு, லோடு கம்மியாக இருக்கும் ஒரு செவ்வாயோ புதனோ காலையில் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், சனிக்கிழமை அந்தப் பக்கம் போனை எடுக்க ஆள் இருக்காது.

பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடட்டும், பிறகு பழையதை நிறுத்தலாம் என்ற முறை வெப்சைட்டுகளுக்கு நன்றாக வேலை செய்யும். இங்கே இரண்டும் ஒரே எஸ்எஃப்டிபி ஃபோல்டரைப் படித்து ஒரு ஃபைலை இரண்டு முறை எடுத்துவிடும். ஆகவே வரிசை இப்படி: முதலில் உள்ளே வரும் வழிகளை மட்டும் நிறுத்துங்கள், க்யூவில் இருப்பது ஓடி முடிந்து 15672 பக்கத்தில் எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை பொறுங்கள், டேட்டாபேஸ் மாற்றத்தை, அதற்கான கருவி ஃப்ளைவே வழியாக ஓட்டுங்கள், பழைய இமேஜை இறக்கிப் புதியதை ஏற்றுங்கள். ஏற்றிய இமேஜின் டைஜஸ்ட் (இமேஜின் கைரேகை போன்ற எண்), டெஸ்டில் பாஸ் ஆன இமேஜின் டைஜஸ்ட், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு உள்வழிகளை ஒவ்வொன்றாகத் திறங்கள், ஒரே ஒரு இன்வாய்ஸ் போய் வரும்வரை இரண்டாவது வழியைத் திறக்காதீர்கள்.

டேட்டாபேஸில் இந்த முறை நெடுவரிசையை (column) சேர்க்க மட்டும் செய்யுங்கள், பழைய நெடுவரிசையை நீக்குவதை அடுத்த டெப்லாய்க்கு வையுங்கள். அப்போதுதான் பழைய இமேஜுக்குத் திரும்பினாலும் அது ஓடும். திரும்பிப் போவதையும் டெஸ்டில் ஒருமுறை கடிகாரம் வைத்துச் செய்து பார்த்திருக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஆனது என்று தெரிந்தால்தான் லைவில் எத்தனை நிமிடம் வரை முயற்சி செய்யலாம், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

எல்லாம் திறந்த பிறகு திரையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கேட்டுக்கு நடந்து போய், அடுத்து வரும் லாரியின் இன்வாய்ஸில் க்யூஆர் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று போனில் ஸ்கேன் செய்து பாருங்கள், அதில் வரும் ஐஆர்என்னை டேட்டாபேஸில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், எடைச்சீட்டில் இருக்கிற எடையும் இன்வாய்ஸில் இருக்கிற எடையும் ஒன்றுதானா என்று டிரைவரிடமே வாங்கிப் பாருங்கள். மூன்று லாரி அப்படிப் போன பிறகு ஈஆர்பி டீமுக்கும் அக்கவுன்ட்ஸுக்கும் போன் போட்டுச் சொல்லலாம்.